விராலுக்கு ரப்பர் தவளை: வாங்கலாம், முள்ளைத் திருத்திய பிறகு வீசுங்கள்

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்துத் தூண்டில் கடைகளிலும் ஆன்லைனிலும் கம்பெனிப் பெயர் இல்லாமல் விற்கிற, விரால் பிடிக்கும் போலி இரையான ரப்பர் தவளையைப் பற்றியது இது. உள்ளே வெறும் காற்று, முதுகை ஒட்டி மேல்நோக்கி நிற்கும் இரட்டைத் தூண்டில் முள், வால்பக்கம் சின்ன ஈயக்குண்டு, பின்னால் தொங்கும் ரப்பர் நார்க் கால்கள். 40 மி.மீ., 55 மி.மீ. என இரண்டு அளவில் பார்க்கலாம். 55-ஐ மட்டும் வாங்குங்கள். 40-க்கு முக்கால் அடிகூட இல்லாத இளசு விராலும் பாயும். வாய் சிறியது என்பதால் இரண்டு முனையில் ஒன்று கண்ணில் ஏறிவிடும். அந்த மீன் குழம்புக்கும் ஆகாது, விட்டாலும் தேறுவது கஷ்டம்.

தாமரையும் பாசியும் மூடிக்கிடக்கிற நம்மூர்க் குளங்களில் இது இலைமேல் ஏறி, இடுக்கில் இறங்கி, சிக்காமல் வரும். இதற்காகத்தான் எல்லோரும் வாங்குகிறார்கள். எங்கள் மதிப்பில் இதன் பெரிய நன்மை வேறு. மண்புழுவோ உயிர்த்தவளையோ கோர்த்து மிதவையில் போட்டால் விரால் விழுங்கிவிடும், முள் தொண்டைக்குக் கீழே போய்விடும். ரப்பர் தவளையில் பெரும்பாலும் மேல்தாடையில்தான் முள் ஏறுகிறது. அதனால் வைப்பதா விடுவதா என்று கரைக்கு வந்தபிறகு முடிவுசெய்ய முடிகிறது.

ஆனால் பாக்கெட்டிலிருந்து எடுத்தபடியே வீசினால் மீன் நாலு முறை பாய்ந்தால் மூன்று வீணாகும். முள்முனை ரப்பரோடு அளவுக்கு மீறி ஒட்டியிருப்பதுதான் காரணம். பிளேயரால் ஒவ்வொரு முனையையும் வெளிப்பக்கமாக 2 மி.மீ. வளையுங்கள், அதற்கு மேல் வளைத்தால் பாசியை வாரிக்கொண்டு வரும். கால்கள் நீளமாக இருந்தால் மீன் காலை மட்டும் கடித்துவிட்டுப் போகும். 4 செ.மீ. விட்டு மிச்சத்தை நறுக்குங்கள், ஒரு காலை மட்டும் 1 செ.மீ. நீளமாக விடுங்கள், இழுக்கும்போது தவளை இடமும் வலமும் திரும்பும். முள்தண்டு வெளியே வரும் மூக்கு ஓட்டையிலும் ஈயக்குண்டின் ஓரத்திலும் தண்ணீர் புகும். நாலைந்து வீச்சுக்கு ஒருமுறை பிதுக்கி வெளியேற்ற வேண்டும். குண்டின் ஓரத்தைப் பசையால் அடைக்கலாம். மூக்கை அடைக்கக் கூடாது, அடைத்தால் மீன் கடிக்கும்போது உடம்பு நசுங்காது, முள்ளும் வெளியே வராது. மலிவு ரகத்தில் முள்ளின் கம்பி மெலிசு, ஒரு கிலோ மீனுக்கே விரிந்துவிடும். கடையிலேயே விரலால் விரித்துப் பாருங்கள்.

அடுத்தது எதிர்முள், அதாவது முனைக்குக் கீழே பின்னோக்கிச் சீவியிருக்கும் பிசிறு. விடுகிற எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் பிளேயரால் அதை நசுக்கித் தட்டையாக்குங்கள். பழைய பருத்தித் துணியில் குத்தி இழுத்தால் நூல் சிக்காமல் வரவேண்டும். மீன் கழன்றுவிடும் என்ற பயம் வேண்டாம். நரம்பை, அதாவது தூண்டில் கயிற்றை, தொய்ய விடாமல் சுற்றினால் போதும். 30 பவுண்ட் இழுவை தாங்கும் பிரெய்டு (பின்னிய இழை) நரம்பு சரியாக இருக்கும். சாதா நைலான் 15 மீட்டர் தூரத்தில் ரப்பர் மாதிரி நீளும், விராலின் எலும்புத் தாடையில் முள் இறங்காது. மீன் பாய்ந்து தண்ணீர் வெடித்ததும் சுண்டாதீர்கள். கம்பு நுனியைத் தாழ்த்தி, தொய்வைச் சுற்றி, எடை தெரிந்தபிறகு சுண்டுங்கள்.

பாஸ் மீன் பிடிக்கும் அமெரிக்க வீடியோவைப் பார்த்துக் கட்டைவிரலை வாய்க்குள் விட்டுத் தூக்குவது இங்கே நடக்காது. பாஸின் பல் உப்புத்தாள் அளவுதான், விராலின் கீழ்த்தாடையில் கூர்ப்பல் உண்டு. ஈரக்கையால் வயிற்றைத் தாங்கிப் பிடியுங்கள். காற்றைச் சுவாசிக்கும் மீன்தானே என்று வெயிலில் காய்ந்த படித்துறையில் போடக் கூடாது. வழுவழுப்பு போன இடத்தில் புண் வரும். 1988-ல் இந்தியாவுக்குள் வந்த புண்நோய் விராலை மோசமாகத் தாக்குவது. தண்ணீர் குளிரும் காலத்தில் அது இன்னும் வேகமெடுக்கும். முள் ஆழத்தில் போயிருந்தால் பிடுங்கிக் கிழிக்காமல் நரம்பை ஒட்ட வெட்டுங்கள், அல்லது அந்த மீனைக் குழம்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். செவுளிலிருந்து ரத்தம் வரும் மீனும் குழம்புக்குத்தான்.

எதை வைப்பது, எதை விடுவது? அமெரிக்கப் பண்ணைக் குளங்களில் பாஸ் பெருகி, தீனி போதாமல் குன்றிவிடும். அதனால் சின்னதை எடு, பெரியதை விடு என்கிறார்கள். அந்தக் கணக்கை அப்படியே விராலுக்குப் போட முடியாது. இங்கே ஏலமெடுத்தவர் வலையும் கோடையும் ஏற்கெனவே நிறைய எடுத்துவிடுகின்றன. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைத் தண்ணீர் வழக்கமாக ஜூனில் திறந்து பிப்ரவரி கடைசி வரை சானலில் ஓடும். அதன்பிறகு வற்றுகிற குளத்தில் விட்ட மீன் அடுத்த வாரம் வலையில்தான் போகும். அங்கே சாப்பாட்டுக்குத் தேவையானதை எடுப்பதில் தப்பில்லை. கோடையிலும் வற்றாத குளத்தில் ஒரு அடிக்குக் குறைந்ததையும், ஒன்றரை அடிக்கு மேற்பட்ட தாய்மீனையும் விடுங்கள். நடுத்தரத்தில் இரண்டு ஒரு வீட்டுக்குத் தாராளம்.

சிவந்த விரால் குஞ்சுக் கூட்டம் மேலே கொப்பளித்தால் அந்த இடத்தில் தவளையை வீசவே வீசாதீர்கள். காவல் நிற்கும் விரால் பசியில் கடிப்பதில்லை, விரட்டத்தான் கடிக்கிறது. அதைக் கரைக்குத் தூக்கியதுமே சிலேபி (திலாப்பியா) மீன் அந்தக் குஞ்சுகளைத் தின்ன ஆரம்பித்துவிடும். காவல் விராலைக் கடிக்கவைக்க ரப்பர் தவளை அநியாயத்துக்கு நன்றாக வேலை செய்யும் என்பதால்தான் அழுத்திச் சொல்கிறோம். சிலேபி மாட்டினால் எல்லாவற்றையும் எடுங்கள், ஆப்பிரிக்கக் கெளுத்தியைத் திரும்ப விடவே கூடாது.

மீன்பாசி, அதாவது மீன்பிடி உரிமை, ஏலம் போன குளத்தில் குத்தகைக்காரரிடம் கேட்டுவிட்டுத்தான் வீச வேண்டும். 2022-ல் முக்கிய ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்த சுசீந்திரம்-தேரூர், வேம்பனூர் பக்கம் தவளையோடு போகவேண்டாம். தாமரைத்தண்டில் அறுந்து நிற்கும் பிரெய்டு மக்காது, நீர்க்கோழியின் காலைச் சுற்றிவிடும்.

வேறு ரகப் பிளாஸ்டிக் புழுக்களோடு ஒரே டப்பாவில் போட்டால் இரண்டும் உருகி ஒட்டிக்கொள்ளும். பிதுக்கி, காயவைத்து, தவளையை டப்பாவில் தனித் தடுப்பில் வையுங்கள். ஈரத்தோடு மூடினால் ஒரு வாரத்தில் முள் துருப்பிடிக்கும்.