கொடைக்கானல் ஏழு ரோடு பக்கத்து டி.டி.பி. கடை: பழைய ஃபைலில் எழுத்து மாறி வந்தால் இங்கே போங்கள்

அப்பா 1990களில் கொடைக்கானலில் ஸ்வீடன் மிஷனரி அம்மா ஒருவருக்குக் கணக்கு வழக்கு பார்த்தவர். அந்த அம்மா டாஸ் கம்ப்யூட்டரில் (விண்டோஸுக்கு முந்தைய முறை) ஊருக்கு எழுதிய கடிதங்கள் ஐந்து ஃப்ளாப்பிகளில் எங்கள் டிரங்குப் பெட்டியில் கிடந்தன. இப்போது அவருடைய தங்கை மகள் கேட்டதால் அச்சடித்து அனுப்பக் கிளம்பினேன்.

முதலில் போன கடையில் (பெயர் வேண்டாம்) வந்த தாளைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. தலையில் வட்டம் வைத்த ஏ (å) வரவேண்டிய இடமெல்லாம் சின்னச் சிலுவை, இரண்டு புள்ளி வைத்த ஏ, ஓ (ä, ö) இரண்டுக்கும் மேற்கோள் குறி. ஃப்ளாப்பியில் பூஞ்சை, ஃபைல் கெட்டுப்போச்சு, வேண்டுமானால் வெறும் ஏ, ஓ போட்டுத் தருகிறோம் என்றார்கள். அது எப்படிச் சரியாகும்? ஸ்வீடிஷில் 29 எழுத்துகள், இந்த மூன்றும் தனி எழுத்துகள். வட்டத்தோடு எழுதினால் 'ஃபோர்' (får), ஆடு. வட்டத்தை எடுத்தால் 'ஃபார்' (far), அப்பா. நம் ளகரத்தை எல்லாம் லகரமாக்கித் தருகிறேன் என்றால் ஒத்துக்கொள்வோமா?

ஏழு ரோடு பக்கத்துக் கடைத் தம்பி அந்தத் தாளை ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "கெட்டுப்போன எழுத்து இப்படி ஒரே மாதிரி வராதுக்கா" என்றார். கம்ப்யூட்டர் ஒவ்வொரு எழுத்தையும் ஒரு எண்ணாகத்தான் வைத்திருக்கும், எந்த எண் எந்த எழுத்து என்பதற்கு ஒரு பட்டியல் உண்டு. டாஸின் 437 என்ற பட்டியலில் வட்ட ஏ-வுக்கு எண் 134, விண்டோஸ் 1252 பட்டியலில் அதே 134 சிலுவைக் குறி, புள்ளி வைத்த ஏ, ஓ-வின் எண்களான 132-ம் 148-ம் அங்கே மேற்கோள் குறிகள், ஆக எண் பத்திரமாகத்தான் இருக்கிறது, படிக்கிற பட்டியல்தான் வேறு. பாமினி என்ற பழைய தமிழ் ஃபான்டில் அடித்த கல்யாணப் பத்திரிகையை அந்த ஃபான்ட் இல்லாத சிஸ்டத்தில் திறந்தால் ஆங்கில எழுத்தாகக் கொட்டுமே, அதை வருஷக்கணக்காகச் சரிசெய்த கை அது.

ஒரு ஃப்ளாப்பியில் மட்டும் சொல்லுக்கு நடுவே நெளிவு அடைப்புக்குறிகள். அது இன்னும் பழைய 7 பிட் முறை, மொத்தமே 128 எண்கள்தான், அவை போதாமல் அடைப்புக்குறிகளின் இடத்தையே ஸ்வீடிஷ் எழுத்துகளுக்குக் கொடுத்திருந்தார்கள். லாரி பில் அடிக்கிற எப்சன் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்கு எஸ்கேப், ஆர், 5 என்று ஸ்வீடனுக்கான கட்டளையை அனுப்பினார். அடைப்புக்குறி போய், கரகரவென்ற சத்தத்தோடு வட்டமும் புள்ளியும் தாளில் விழுந்தபோது அப்பா பக்கத்தில் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

குறையும் உண்டு. இரண்டு ஃப்ளாப்பிகளை யு.எஸ்.பி. டிரைவ் படிக்கவே இல்லை, அது நிஜமாகவே பூஞ்சைதான். லேசரில் எடுத்த முதல் பிரதியில் வரி இடைவெளி போதாமல் பெரிய ஏ-வின் வட்டம் பாதி வெட்டுப்பட்டிருந்தது, சொன்னதும் காசு வாங்காமல் மறுபடி எடுத்துத் தந்தார். மூலத்தைத் தொடாமல் ஒரு நகல், எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடு பட்டியலுக்கு மாற்றியது ஒன்று, இரண்டையும் பென்டிரைவில் கேட்காமலே போட்டுக் கொடுத்தார். மொத்தம் 350 ரூபாய்.

மழை பெய்தால் கரண்ட் போய்விடும், சீசனில் அந்தப் பக்கம் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. வார நாளில் காலையிலேயே போய்விடுங்கள்.