சதவீதத்தை ஓரங்கட்டிவிட்டு ஆள் கணக்கு: ஜிஏ4, லுக்கர் ஸ்டுடியோ நீண்டநாள் அனுபவம்

பண்ருட்டி முந்திரியை ஆன்லைனில் விற்கும் கடலூர் கடை ஒன்றின் வெப்சைட் என் பொறுப்பு. வெப்சைட்டுக்கு வருகிறவர்களைக் கணக்கெடுக்கும் கூகுள் அனலிட்டிக்ஸின் பழைய பதிப்பு 2023 ஜூலையில் நின்றதிலிருந்து அதன் புதிய பதிப்பான ஜிஏ4தான். அதன்மேல், கூகுளின் ரிப்போர்ட் கருவியான லுக்கர் ஸ்டுடியோவில் ஒரே ஒரு பக்கம் போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

திருப்பாப்புலியூர் கடையில் உட்கார்ந்திருக்கும் அண்ணனுக்கு எப்போதும் ஒரே கேள்விதான்: "தம்பி, வந்தவங்கள்ல எத்தனை பேரு வாங்குனாங்க?" ஜிஏ4 இதற்கு இரண்டு பதில் வைத்திருக்கிறது. ஒரே ஆள் ஒரே போனில் காலையில் பார்த்து, மதியம் மறுபடி விலை பார்த்து, ராத்திரி வாங்கினால், யூசர் (ஆள்) கணக்கில் அது 100 சதவீதம். செஷன் (ஒவ்வொரு வருகையும் தனி) கணக்கில் 33. இரண்டுமே சரி. முந்திரி விற்கிற விலைக்கு பார்த்த உடனே யாரும் வாங்குவதில்லை என்பதால் நான் யூசர் கணக்கோடு நிற்கிறேன். (போனில் பார்த்து கம்ப்யூட்டரில் வாங்கினால் பெரும்பாலும் இரண்டு ஆளாகத்தான் விழும். அதற்கு மேல் நோண்டுவதில்லை.) இது போதாதென்று 2024 மார்ச்சில் ‘கன்வெர்ஷன்’ (வாங்குவது போன்ற முக்கியச் செயல்) என்பதை ‘கீ ஈவென்ட்’ ஆக்கினார்கள், விளம்பரக் கணக்குப் பக்கம் பழைய பெயரே இருக்கிறது.

லுக்கர் ஸ்டுடியோவில் எனக்குப் பிடித்தது, பெயர்களை நம் இஷ்டத்துக்குத் தமிழில் மாற்றலாம். வந்தவர்கள், பொருளைப் பார்த்தவர்கள், கூடையில் போட்டவர்கள், பணம் கட்டியவர்கள் என நான்கு பெட்டி. எல்லாம் ஆள் எண்ணிக்கை. சதவீதம் கீழே சின்ன எழுத்தில். காரணம் இருக்கிறது. 40 பேர் வந்து 2 பேர் வாங்கினால் 5 சதவீதம். அடுத்த வாரம் அதே 40க்கு 3 பேர் என்றால் 7.5. ரிப்போர்ட்டில் இது பச்சை அம்புக்குறியோடு 50 சதவீத ஏற்றமாக நிற்கும். கூடியது ஒரே ஒரு ஆள்! ஆள் குறைவான கடைக்கு வார ஒப்பீடே வேண்டாம் என்பது என் கட்சி.

வருட ஒப்பீட்டிலும் கவனம் தேவை. தீபாவளி 2023ல் நவம்பர் 12, 2024ல் அக்டோபர் 31, 2025ல் அக்டோபர் 20. ‘போன வருடம் இதே தேதி’ என்று அமுக்கினால் பண்டிகை வாரம் சாதா வாரத்தோடு மோதும். தேதியைக் கையால்தான் போட வேண்டும். அதோடு, ஜிஏ4ல் தரவை நாமே அலசிப் பார்க்கும் எக்ஸ்ப்ளோரேஷன் பகுதியில் தரவு 2 மாதம்தான் இருக்கும். செட்டிங்ஸில் போய் முன்கூட்டியே 14 மாதமாக மாற்றி வைத்தால்தான் போன தீபாவளி கிடைக்கும்.

வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்பினால் யுடிஎம் (எங்கிருந்து வந்தார்கள் என்று சொல்லும், லிங்க் கடைசியில் சேர்க்கும் குறிப்பு) ஒட்டி அனுப்புங்கள். இல்லையென்றால் பெரும்பாலும், எங்கிருந்து வந்தார்கள் என்று தெரியாதவர்களைப் போடும் ‘டைரக்ட்’டில் போய் விழும்.

எந்தப் படியில் ஆள் கழல்கிறது என்று இந்த லுக்கர் பக்கம் காட்டும்; ஏன் என்று காட்டாது. அதற்கு, வந்தவர்கள் பக்கத்தில் எங்கே தொடுகிறார்கள் என்று காட்டும் மைக்ரோசாஃப்ட் கிளாரிட்டி, இலவசம். அதில் ‘டெட் கிளிக்’ என்று ஒன்று உண்டு. தொட்டும் எதுவும் நடக்காத இடங்களைக் காட்டும். எங்கள் கடையில் அது ‘டபிள்யூ 320’ என்ற முந்திரித் தர எழுத்தின் மேலேயே குவிந்திருந்தது. வாங்க வந்தவர்களுக்கு அது என்னவென்றே தெரியவில்லை. ‘ஒரு பவுண்டுக்குச் சுமார் 320 பருப்பு, எண் குறைந்தால் பருப்பு பெரிசு’ என்று அங்கேயே ஒரு வரி சேர்த்தோம். அந்தத் தொடுதல் அடங்கிவிட்டது. விற்பனை கூடியதா என்று சொல்ல இன்னும் ஆள் சேரவில்லை.