டிக்கன்ஸா, ஆர்வெல்லா, நாராயணா, ஹெமிங்வேயா: இங்கிலீஷ் வார்த்தை ஏற எந்த நாவல்ல ஆரம்பிக்க?

பாளையங்கோட்டைக்கு காலேஜ் படிக்க வார தமிழ் மீடியம் பிள்ளைய மொத வருசம் கேக்குத கேள்வி இதான், "அக்கா, வொக்கபுலரி ஏத்தணும், என்ன படிக்க?" கேட்ட உடனே யாராவது ரெண்டு பதில்ல ஒண்ணச் சொல்லிருவாவ. வார்த்தை லிஸ்ட் புக் வாங்கி தினம் கொஞ்சம் மனப்பாடம் பண்ணுன்னு ஒண்ணு, கிளாசிக் நாவல் படின்னு இன்னொண்ணு. ரெண்டாவதுதான் சரின்னு நான் அடிச்சு சொல்லுவேன், ஆனா எந்த கிளாசிக்னு சொல்லாம விட்டா அந்தப் பிள்ள லைப்ரரில கைக்கு வந்த தடி புத்தகத்த எடுத்துட்டு வந்து, பத்து பக்கத்துல மூச்சு முட்டி, நமக்கு இங்கிலீஷே வராதுன்னு முடிவு கட்டிரும். அப்படி முடிவு கட்டின பிள்ளைகள நான் பாத்திருக்கேன், ரொம்ப சங்கடமா இருக்கும். அதனால எதுல என்ன கிடைக்கும், எது எங்க காலை வாரும்னு கொஞ்சம் விலாவாரியா பாத்துருவோம்.

மொதல்ல லிஸ்ட் புக். நார்மன் லூயிஸோட வேர்ட் பவர் மேட் ஈஸி 1949ல வந்தது, இன்னிக்கும் நம்மூர் புத்தகக் கடைல கிடைக்கு. வேர்ச்சொல் வச்சு ஒரு குடும்பமா வார்த்தைகளச் சொல்லிக் குடுக்குற விதம் நல்லாத்தான் இருக்கும், சும்மா ஏ டு இசட் அடுக்கி வச்ச லிஸ்ட்ட விட அது எவ்வளவோ மேல். போட்டித் தேர்வு மூணு மாசத்துல இருக்குன்னா அத எடுக்கதுல தப்பே இல்ல. ஆனா லிஸ்ட்ல படிச்ச வார்த்தை பரிச்சை ஹால்ல நாலுல ஒண்ண டிக் அடிக்க வரும், வாயத் தொறந்து பேச வராது, ஏன்னா அந்த வார்த்தை யாரோட சேரும், எந்த நேரத்துல வரும், கோவத்துலயா பாசத்துலயான்னு லிஸ்ட் சொல்லாது. ரெலக்டண்ட்னு ஒரு வார்த்தைக்கு 'விருப்பமில்லாத'ன்னு போட்டிருக்கும், அவ்வளவுதான்.

அதே வார்த்தைய ஆர்.கே.நாராயண் எப்படி குடுக்காருன்னு பாருங்க. ஸ்வாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ், 1935ல வந்த நாவல். ஆரம்பமே திங்கக்கிழமை காலை, அடுத்த வரில ஸ்வாமிநாதன் கண்ணத் தொறக்க ரெலக்டண்டா இருக்கான். முடிஞ்சுபோச்சு. லீவு முடிஞ்சு பள்ளிக்கூடம் போன எந்தப் பிள்ளைக்கும் அதுக்கு அர்த்தம் சொல்ல வேண்டாம், அகராதியும் வேண்டாம், 'ரெலக்டண்ட் டு ஓபன்'னு பின்னால என்ன வரும்ங்கிறதும் சேந்தே மனசுல உக்காந்துரும். நாராயணோட பெரிய லாபம் இதான், உலகம் நமக்குத் தெரிஞ்சது, வார்த்தை மட்டும்தான் புதுசு. ஹெட்மாஸ்டர் பிரம்பு, பாட்டி, ஆத்து மணல், கிரிக்கெட் டீமுக்கு பேரு வைக்குற சண்டைன்னு எல்லாமே நம்ம தெருவுல நடக்குறது. வாக்கியமும் சின்னச் சின்னதா இருக்கும். குறைன்னு சொன்னா, கடினமான வார்த்தை கம்மியா வரும், இத மட்டும் படிச்சுட்டு நிப்பாட்டினா ஒரு அளவுக்கு மேல ஏறாது. ஆனா மொத புத்தகம்னா அது இதுதான், இங்கிலீஷ்ல ஒரு நாவல கடைசிப் பக்கம் வரை முடிச்சேன்ங்கிற தெம்பு இருக்கு பாத்தியளா, அது மத்த எல்லாத்துக்கும் முந்தி வேணும்.

அடுத்து அனிமல் ஃபார்ம். ஜார்ஜ் ஆர்வெல், 1945, பத்தே அத்தியாயம். மிருகங்க சேந்து பண்ணைக்காரன விரட்டிட்டு தாங்களே ஆளுற கதை. பன்னிக குதிரைகன்னு வாரதால இது சின்னப் பிள்ளைக கதைன்னு சில பேரு ஒதுக்கிருதாவ, அவங்க இழக்குறது ரொம்ப. அரசியல் பேச வேண்டிய இங்கிலீஷ் மொத்தமும், ரெபெல்லியன், ரேஷன், ட்ரெய்ட்டர், கன்ஃபெஷன், ப்ரிவிலேஜ்னு பேப்பர்ல தினமும் வாரதெல்லாம் இதுல கதையோட வரும், அதுவும் ஒரு தடவை வந்துட்டு காணாமப் போகாது, திரும்பத் திரும்ப வரும். வார்த்தை நிக்குறதுக்கு திரும்ப வாரத விட பெரிய மருந்து கிடையாது.

இதுல ஒரு இடத்த கிட்ட வச்சுப் பாக்கணும். மிருகங்க ஏழு கட்டளைய சுவத்துல எழுதுதுக. மெத்தைல படுக்கக் கூடாது, சாராயம் குடிக்கக் கூடாது, இன்னொரு மிருகத்தக் கொல்லக் கூடாது. ஆட்சிக்கு வந்த பன்னிக ஒவ்வொண்ணா மீறும்போது ராவோட ராவா கட்டளை வால்ல ரெண்டு வார்த்தை ஒட்டிக்கிரும். மெத்தைல படுக்கக் கூடாதுங்கிறதுல 'வித் ஷீட்ஸ்', குடிக்கக் கூடாதுங்கிறதுல 'டு எக்ஸஸ்', கொல்லக் கூடாதுங்கிறதுல 'வித்தவுட் காஸ்'. ரெண்டே ரெண்டு வார்த்தை, சட்டமே தலைகீழாப் போச்சு. டு, வித், வித்தவுட் இதெல்லாம் கிராமர் கிளாஸ்ல எத்தனை தடவை நடத்தினாலும் ஏறாத பிள்ளைக்கு இந்த சுவரு ஏத்திரும். ஒரு பிள்ள இதப் படிச்சுட்டு வாடகை ஒப்பந்தத்துல எழுதியிருந்த ஒரு கண்டிஷன எங்கிட்ட கொண்டு வந்து, "அக்கா, இதுவும் அந்த வித்தவுட் காஸ் மாதிரிலா இருக்கு"ன்னு காட்டினா. படிச்சது வாழ்க்கைக்குள்ள வந்துருச்சுன்னு எனக்கு அன்னிக்கு அவ்வளவு சந்தோசம்.

ஹெமிங்வேயோட தி ஓல்ட் மேன் அண்ட் த ஸீ 1952. சின்ன புத்தகம், எண்பத்திநாலு நாள் மீனே படாத ஒரு கெழவரு தனியா கடலுக்குப் போறாரு, பெரிய மார்லின் மீன் ஒண்ணு மாட்டுது, அது படகையே இழுத்துட்டுப் போகுது. ரொம்ப லேசான இங்கிலீஷ்னு எல்லாரும் சொல்லுவாவ, பாதிதான் சரி. வாக்கியம் லேசு, ஆனா ஸ்கிஃப், ஹார்ப்பூன், காஃப், மாஸ்ட், ஸ்டெர்ன்னு கடல் வார்த்தை பக்கத்துக்குப் பக்கம் வரும், அம்பாசமுத்திரம் தென்காசி பக்கத்துப் பிள்ளைக்கு அது ஒண்ணும் விளங்காது, வெளங்கினாலும் அடுத்து எங்கயும் உபயோகப்படாது. அதே புத்தகத்த உவரி, இடிந்தகரை, கூட்டப்புளி பக்கத்துப் பிள்ளை கைல குடுத்துப் பாருங்க. உவரிக்காரப் பொண்ணு ஒருத்தி ஹாஸ்டல்ல இருந்து வருவா, அந்தக் கெழவரு கயிற தோளுக்குக் குறுக்கப் போட்டு இழுத்துப் பிடிக்க, இடது கை மரத்து சுருட்டிக்கிடுற இடம் வந்ததும், "எங்க அப்பா கையும் இப்படித்தான்க்கா, நைலான் கயிறு அறுத்து அறுத்து தழும்பாக் கிடக்கும்"ன்னா. படகோட முன்பக்கம் எது, பின்பக்கம் எது, காத்து மாறினா என்ன ஆகும்னு அவதான் எனக்கு படம் போட்டுக் காட்டினா. அன்னிக்கு அவ டீச்சர், நான் ஸ்டூடண்ட். மத்த பிள்ளையளுக்கு முன்னால இங்கிலீஷ்ல வாயே தொறக்காதவ அந்தப் பக்கங்கள மட்டும் நின்னு வாசிச்சா. அதனால யாருக்கு எதுன்னு கேக்காம லிஸ்ட் போடுறது தப்பு, கடக்கரை ஊருப் பிள்ளைக்கு நாராயணுக்கு முந்தியே இத குடுக்கலாம்.

இப்ப டிக்கன்ஸ். கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ எனக்குப் பிடிச்ச அளவு வேற நாவல் பிடிக்காது, அத மொதல்லயே சொல்லிருதேன். கல்லறைத் தோட்டத்துல தனியா நிக்குற சின்னப் பையன் பிப், திடீர்னு ஒரு தப்பிச்ச கைதி வந்து அவனப் பிடிக்கான். அந்தக் கைதி எப்படி இருந்தான்னு டிக்கன்ஸ் ஒரே வாக்கியத்துல அடுக்குவாரு, தண்ணில ஊறி, சேத்துல முங்கி, கல்லு குத்தி நொண்டியாகி, செடி அரிச்சு, முள்ளு கிழிச்சு, நொண்டுதான், நடுங்குதான், முறைக்கான், உறுமுதான், பல்லு தடதடன்னு அடிக்கி. ஸோக்ட், ஸ்மதர்ட், லேம்ட், ஸ்டங், டோர்ன், லிம்ப்ட், ஷிவர்ட், க்ளேர்ட், க்ரௌல்ட், சாட்டர்ட், எல்லாமே ஒரே வாக்கியத்துல. லிஸ்ட் புக்ல இத்தனையும் பத்து பக்கத்துல சிதறிக் கிடக்கும், இங்க ஒரே மனுசன் உடம்புல இருக்கு. இதச் சொல்லிக் குடுக்கும்போது நான் பிள்ளைகள எந்திரிச்சு நடிக்கச் சொல்லுவேன், ஒருத்தி நொண்டுவா, ஒருத்தி முறைப்பா, ஒருத்தி பல்லக் கடகடன்னு ஆட்டுவா. ஒரு சாயங்காலம் போதும், அந்த வார்த்தைக அதுக்கப்புறம் மறக்கவே மறக்காது. மனுசன் நடை, முகம், குரல், வெக்கம், பெருமை இதுக்கெல்லாம் இங்கிலீஷ்ல எத்தனை வார்த்தை இருக்குன்னு டிக்கன்ஸ்கிட்டதான் தெரியும்.

ஆனா கஷ்டம் கஷ்டம்தான். அம்பத்தொம்பது அத்தியாயம், அனிமல் ஃபார்ம விட அஞ்சாறு மடங்கு பெருசு. வாக்கியம் நம்ம பக்கத்து எழவு வீட்டு ஒப்பாரி மாதிரி நீளமாப் போகும், மூச்ச எங்க விடணும்னு பழகணும். இன்னொரு சிக்கல், படிக்காத ஆளுக பேசுறத அவங்க உச்சரிப்புலயே எழுதுவாரு. கைதி பிப்கிட்ட அரத்தோட சேத்து 'விட்டில்ஸ்' கொண்டு வான்னு மிரட்டுவான், ஒரு பிள்ள அத லிஃப்கோ அகராதில தேடு தேடுன்னு தேடி அழாத குறையா வந்து நின்னா. அது சாப்பாட்டுக்கு அவன் பேசுற கொச்சை, அகராதில அந்த எழுத்துல இருக்காது. இப்படி இடத்துல பக்கத்துல ஒருத்தர் வேணும், இல்ல பின்னால குறிப்பு போட்ட பதிப்பு வேணும்.

எப்ப டிக்கன்ஸ் எடுக்கலாம்னு தெரிஞ்சுக்க ஒரு கணக்கு இருக்கு. பால் நேஷன்னு நியூசிலாந்துக்காரரு, வார்த்தை படிக்கிறதப் பத்தி ஆராய்ச்சி பண்ணின பேராசிரியர், நாவல யாரு துணையும் இல்லாம படிக்கணும்னா அதுல வார வார்த்தைல 98 சதவீதம் தெரிஞ்சிருக்கணும், அதுக்கு எட்டாயிரத்துல இருந்து ஒம்பதாயிரம் வார்த்தைக் குடும்பம் (ஒரு மூல வார்த்தையும் அதுல இருந்து வார மத்த வடிவமும் சேந்தா ஒரு குடும்பம்) வேணும்னு 2006ல எழுதினாரு. முன்னூறு வார்த்தை உள்ள பக்கத்துல ஆறு தெரியாம இருந்தா பரவால்ல, அதான் கணக்கு. புத்தகத்த வாங்குறதுக்கு முந்தி நடுவுல ஒரு பக்கத்த தொறந்து விரல மடக்கிப் பாருங்க. ரெண்டு கை விரலும் பத்தாமப் போச்சுன்னா அந்தப் புத்தகத்த அலமாரில வச்சுட்டு அடுத்த வருசம் வாங்க, அதுல ஒரு அவமானமும் இல்ல.

அந்த ஒரு வருசத்துக்கு சுருக்கப் பதிப்பு உண்டு. ஆக்ஸ்ஃபோர்ட் புக்வோர்ம்ஸ் வரிசைல ஆறு படி இருக்கு, முதல் படி 400 வார்த்தைக்குள்ள, ஆறாவது 2500. சுருக்கம் படிச்சா கௌரவக் குறைச்சல்னு நெனைக்குற வாத்தியாருமாரு இருக்காவ, நான் ஒத்துக்க மாட்டேன். கதைய சுருக்கத்துல முடிச்சுட்டு அப்புறம் மூலத்துக்குப் போனா அடுத்து என்ன நடக்கும்ங்கிற பதட்டம் இருக்காது, கண்ணு வார்த்தை மேல போகும். ஆனா சுருக்கத்தோட நின்னுரக் கூடாது. மேல சொன்ன அந்தக் கைதி வாக்கியம் சுருக்கத்துல உயிரோட இருக்காது, அதுக்காகத்தான டிக்கன்ஸ் கிட்ட போறோம்.

ஜேன் ஆஸ்டின்? ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ் 1813. ரொம்ப அழகான நாவல், ஆனா வார்த்தை படிக்கன்னு எடுத்தா கொஞ்சம் அபாயம், அந்தக் காலத்து அர்த்தம் வேற. காலின்ஸ் பாதிரியாரு லேடி கேதரினோட கண்டிசென்ஷன அவ்வளவு புகழுவாரு, அன்னிக்கு அது பெரிய இடத்து ஆளு இறங்கி வந்து பழகுற குணம், இன்னிக்கு ஒருத்தரப் பாத்து அதச் சொன்னா திட்டு. இத மூணாவது நாலாவதா படிங்க.

எதப் படிச்சாலும் வார்த்தை நிக்க ஒரு வழி நான் கண்ணால பாத்தது. முக்கூடல் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி, அவ அம்மா மடில சொளவு வச்சு பீடி சுத்திட்டு இருப்பாவ, இவ பக்கத்துல உக்காந்து அன்னிக்குப் படிச்ச அத்தியாயத்த தமிழ்ல கதையா சொல்லுவா. அம்மா விட மாட்டாவ, "அவன் ஏம்ட்டி அந்தக் கைதிக்குச் சோறு கொண்டு போனான், பயந்தா, பாவப்பட்டா?"ன்னு கேப்பாவ. அதுக்குப் பதில் சொல்லணும்னா இவ திரும்பப் புத்தகத்தப் புரட்டி அந்த வரிய நிதானமா வாசிக்கணும். இவளுக்கு வார்த்தை ஏறின வேகத்துல வேற யாருக்கும் ஏறல. நோட்டுல எழுதினாலும் வார்த்தைய தனியா எழுதாதிய, அது வந்த வாக்கியத்தோட எழுதுங்க. உச்சரிப்புக்கு லிப்ரிவாக்ஸ்ல டிக்கன்ஸும் ஆஸ்டினும் ஆள் வாசிச்ச ஆடியோ இலவசமா கிடைக்கு, காதுல போட்டுட்டே பக்கத்தப் பாத்தா போதும்.

செலவு பத்தி: டிக்கன்ஸ், ஆஸ்டின் ப்ராஜெக்ட் குட்டன்பெர்க்ல சும்மா இறக்கிக்கலாம். நம்ம நாட்டுச் சட்டப்படி எழுதினவரு செத்து அறுபது வருசம் ஆச்சுன்னா காப்புரிமை போயிரும், ஆர்வெல் 1950ல போனாரு, ஹெமிங்வே 1961ல, அதனால அவங்க ரெண்டு பேரும் இங்க மலிவுப் பதிப்புலயே கிடைக்காவ. நாராயண் 2001லதான் போனாரு, அவருத காசு குடுத்துதான் வாங்கணும், இல்ல பாளை மாவட்ட மைய நூலகத்துல கேட்டுப் பாருங்க. டிக்கன்ஸ் மட்டும் பொடி எழுத்து மலிவுப் பதிப்பு வாங்காதிய, கண்ணு வலிச்சே விட்டுருவிய, எழுத்து பெருசா, பின்னால குறிப்பு உள்ளதா பாத்து வாங்குங்க. அப்புறம் கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ் 1860 டிசம்பர்ல இருந்து 1861 ஆகஸ்ட் வரை வாரப் பத்திரிகைல தொடர்கதையா வந்த நாவல், நம்ம அம்மாமாரு வாராவாரம் தொடர்கதைக்கு காத்துக் கிடந்தாவள்ளா, அதே கணக்குல வாரம் ரெண்டு அத்தியாயம் வச்சுக்கிட்டா ஏழெட்டு மாசத்துல முடிச்சிரலாம்.