ஓ.டி. எத்தனை மடங்கு என்று கேட்காதீர்கள்: சிங்கப்பூர், மலேசியா, அமீரகம், சவுதி ஓர் ஒப்பீடு

வெளிநாட்டு வேலைக்கு இரண்டு ஆஃபர் கையில் இருக்கும்போது முதலில் எழும் கேள்வி, "ஓ.டி. (ஓவர்டைம், கூடுதல் நேர வேலைக்கான ஊதியம்) எத்தனை மடங்கு?" என்பதுதான். ஏஜெண்டும் அதற்குத்தான் பதில் வைத்திருப்பார்: சிங்கப்பூர், மலேசியா, சவுதி என்றால் ஒன்றரை, அமீரகம் என்றால் ஒன்றேகால். அவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் அதை நம்பி முடிவெடுத்தால் மாதம் சில நூறு வெள்ளியோ (சிங்கப்பூர் டாலர்) ரியாலோ கைவிட்டுப் போகும். எந்தத் தொகையைப் பெருக்குகிறார்கள், எத்தனையால் வகுக்கிறார்கள், வாரத்தில் எத்தனை மணிக்கு மேல் ஓ.டி. தொடங்குகிறது என்ற மூன்றும் தெரியாமல் மடங்கை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

ஒரே சம்பளத்தை நான்கு சட்டத்திலும் போட்டுப் பார்ப்போம். மாதம் 2,000. அதில் பேசிக் (அடிப்படைச் சம்பளம்) 1,200, அலவன்ஸ் (படிகள்) 800. அந்தந்த நாட்டுப் பணம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இங்கே பார்ப்பது கணக்கின் அமைப்பை மட்டும்.

சிங்கப்பூரில் வாரம் 44 மணிக்கு மேல் ஓ.டி. பேசிக்கை 12-ஆல் பெருக்கி, 52 × 44, அதாவது 2,288-ஆல் வகுத்தால் ஒரு மணி நேர ஊதியம். 1,200-க்கு அது 6.29. ஒன்றரை மடங்கு 9.44. அலவன்ஸ் 800-க்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை.

மலேசியாவில் 2023 ஜனவரி 1 முதல் வாரம் 45 மணி. அதற்கு முன் 48. மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து நாள் ஊதியம், அதை ஒரு நாளின் வேலை நேரத்தால் வகுத்து மணி ஊதியம். செய்த வேலைக்காகத் தரப்படும் நிலையான அலவன்ஸ் இதில் சேரும். பயணப்படியும் ஆண்டு போனஸும் சேராது. எனவே அந்த 800 திறன் அலவன்ஸ், வேலை அலவன்ஸ் என்ற பெயரில் இருந்தால், எட்டு மணி வேலை நாளுக்கு ஓ.டி. மணிக்கு 14.42. அதே 800 பயணப்படி என்று எழுதப்பட்டிருந்தால் 8.65. பெயர் மாறினாலே மணிக்கு ஐந்து ரிங்கிட்டுக்கு மேல் வித்தியாசம்.

அமீரகத்தில் வாரம் 48 மணி. பேசிக்கின் மேல் 25 சதவீதம் கூடுதல். இரவு 10 முதல் காலை 4 வரை என்றால் 50 சதவீதம், ஷிஃப்ட் முறையில் வேலை செய்பவர்களுக்கு இந்த இரவுக் கூடுதல் கிடையாது. வழக்கப்படி 30 நாள், 8 மணி என்று வகுத்தால் பேசிக் மணிக்கு 5. பகல் ஓ.டி. 6.25, இரவு 7.50.

சவுதியிலும் 48 மணிதான். ரமலானில் முஸ்லிம்களுக்கு 36. அங்கேதான் கணக்கு வேறு மாதிரி. தொழிலாளர் சட்டத்தின் 107-ஆம் பிரிவு முழு மணி ஊதியத்தையும், அதோடு பேசிக்கில் பாதியையும் தரச் சொல்கிறது. முழுச் சம்பளம் 2,000-ஐ 240-ஆல் (30 நாள் × 8 மணி) வகுத்தால் 8.33, பேசிக்கில் பாதி 2.50, மொத்தம் 10.83. பேசிக்கை மட்டும் எடுத்து ஒன்றரையால் பெருக்கி 7.50 கொடுப்பது தப்புக் கணக்கு. மணிக்கு 3.33 குறைகிறது, மாதம் 60 மணி ஓ.டி. பார்த்தால் 200 ரியால்.

இந்தியாவின் 1948 தொழிற்சாலைச் சட்டத்தில் ஓ.டி. இரட்டிப்பாக இருந்தது, அதுவும் பேசிக்கும் அலவன்ஸும் சேர்ந்த தொகைக்கு. இதே 2,000-க்கு 26 நாள், 8 மணிக் கணக்கில் 19.23. காகிதத்தில் மேற்சொன்ன நான்கையும் விட உயர்ந்தது. ஆனால் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் "ஊதியம்" என்பதற்கு வேறு வரையறை: வீட்டு வாடகைப்படி, பயணப்படி போன்றவை மொத்தத்தில் பாதிக்கு மிகாதவரை கணக்கில் வராது. 800-உம் அந்த வகை என்றால் இரட்டிப்பு 1,200-க்குத்தான்: 11.54. இங்கேயும் பேசிக் எவ்வளவு என்பதே இனி பெரிய கேள்வி.

பேசிக்கை ஏற்றச் சொல்லுங்கள்

மொத்தம் 2,000-ஐ மாற்றாமல் பேசிக்கை 1,800, அலவன்ஸை 200 என்று எழுதினால் சிங்கப்பூரில் மணி ஓ.டி. 14.16 ஆகிறது. மாதத்துக்குச் சட்டம் அனுமதிக்கும் 72 மணி ஓ.டி.க்கும் கணக்கிட்டால் மாதம் ஏறக்குறைய 340 வெள்ளி அதிகம். சம்பளப் பேச்சில் மொத்தத்தில் 50 ஏற்றித் தரச் சொல்லி மல்லுக்கட்டுவதை விட இதைக் கேட்பது லாபம்.

அமீரகத்தில் பேசிக் இன்னும் ஒரு இடத்தில் அடிக்கும். வேலை முடிந்து கிளம்பும்போது கிடைக்கும் கிராஜுவிட்டி (பணிக்கொடை) பேசிக்கின் மேல்தான்: முதல் ஐந்து ஆண்டுக்கு ஆண்டுக்கு 21 நாள், அதன்பின் 30 நாள். 1,200 பேசிக்குக்கு ஆண்டுக்கு 840 திர்ஹம். சவுதியில் முதல் ஐந்து ஆண்டுக்கு ஆண்டுக்கு அரை மாத ஊதியம், அதன்பின் முழு மாதம், கடைசியாக வாங்கிய ஊதியத்தின் அடிப்படையில். 2,000-க்கு அது 1,000. சிங்கப்பூரில் வொர்க் பெர்மிட்டில் இருப்பவருக்கு சி.பி.எஃப். (அந்நாட்டு சேமநிதி) கிடையாது, கிராஜுவிட்டிக்கும் சட்டக் கட்டாயம் இல்லை. அங்கே மாதாமாதம் கைக்கு வருவது மட்டுமே கணக்கு. மலேசியாவில் 2025 அக்டோபர் முதல் வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் இ.பி.எஃப். (தொழிலாளர் சேமநிதி) உண்டு, முதலாளி 2 சதவீதம், தொழிலாளி 2 சதவீதம். தொகை சிறிது, ஆனாலும் உங்கள் பணம்.

"தினம் 12 மணி, வாரம் ஆறு நாள்"

ஓ.டி. நிறைய இருக்கும் என்று ஆசை காட்டும்போது சொல்லப்படும் வாக்கியம் இதுதான். நான்கு நாட்டிலும் இது சட்டத்தின் வரம்பைத் தாண்டுகிறது.

வாரத்துக்கு 12 × 6 = 72 மணி. சிங்கப்பூரில் 44 போக வாரம் 28 மணி ஓ.டி., மாதத்துக்குச் சராசரி 121. மனிதவள அமைச்சின் விலக்கு இல்லாமல் அனுமதிக்கப்படும் ஓ.டி. மாதம் 72 மட்டுமே. மலேசியாவில் 45 போக 27, மாதம் 117. வரம்பு 104. நான்கில் தாராளமானது மலேசியாதான், அங்கேயே இது இடிக்கிறது. சவுதியில் ஓ.டி. சேர்த்து நாளுக்கு 10 மணி, வாரம் 60. ஆண்டுக்கு ஓ.டி. 720 மணி, அதைத் தாண்ட தொழிலாளியின் சம்மதம் வேண்டும்.

அமீரகச் சட்டம் இதில் கண்டிப்பானது. நாளுக்கு ஓ.டி. 2 மணிதான், பெரிய நஷ்டத்தையோ விபத்தையோ தடுக்கும் அவசரம் விதிவிலக்கு. அதோடு, மூன்று வாரத்தில் ஓ.டி.யும் சேர்த்து மொத்த வேலை நேரம் 144 மணிக்கு மிகக்கூடாது. 144-ஐ மூன்றால் வகுங்கள்: 48. ஒரு வாரம் கூடுதலாக உழைத்தால் அடுத்த வாரங்களில் குறைய வேண்டும் என்பதுதான் இதன் பொருள். ஆகவே அமீரக ஆஃபரை ஓ.டி.யை நீக்கிவிட்டு மதிப்பிடுங்கள். ஓ.டி. இல்லாமல் கடனும் செலவும் கட்டுப்படியாகவில்லை என்றால் அந்த ஆஃபர் உங்களுக்கு ஆகாது.

வரம்பு மீறினால் முதலாளிக்குத்தானே சிக்கல் என்று நினைக்கத் தோன்றும். மீறிய மணிகளைக் கணக்கில் காட்ட முடியாது என்பதால் அவை "இன்சென்டிவ்", "அலவன்ஸ்" என்ற பெயரில், குறைந்த விலைக்கு, சில சமயம் ரொக்கமாக வரும். பிறகு வழக்கு என்று போனால் அந்த மணிகளுக்குச் சான்று இருக்காது. உடம்புக்கு வரும் கேடு தனி.

ஓய்வு நாளில் கூப்பிட்டால்

சிங்கப்பூரில் ஒரே ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு இரண்டு விலை உண்டு. முதலாளி கேட்டு நீங்கள் வந்தால், பாதி நாள் வரை ஒரு நாள் ஊதியம், அதற்கு மேல் இரண்டு நாள் ஊதியம். நீங்களாகக் கேட்டு வந்ததாக இருந்தால் அதில் சரிபாதி. "என் விருப்பத்தின் பேரில் வேலை செய்கிறேன்" என்ற வரி உள்ள படிவத்தில் கையெழுத்து வாங்கும் பழக்கத்துக்குக் காரணம் இதுதான். மேலதிகாரி கூப்பிட்ட வாட்ஸ்அப் செய்தியை அழிக்காமல் வைத்திருங்கள்.

மலேசியாவில் மாதச் சம்பளக்காரருக்கு ஓய்வு நாளில் அரை நாள் வரை கூடுதலாக அரை நாள் ஊதியம், அதைத் தாண்டினால் ஒரு நாள் ஊதியம், இயல்பு நேரத்தையும் தாண்டினால் மணிக்கு இரண்டு மடங்கு. பொது விடுமுறையில் ஓ.டி. மூன்று மடங்கு. பண்டிகை நாளில் ஓடும் ஆலை, ஹோட்டல் போன்ற இடங்களில் இது நல்ல தொகை. அமீரகத்தில் மாற்று ஓய்வு நாள், இல்லையென்றால் அன்றைய ஊதியத்தோடு பேசிக்கில் 50 சதவீதம். சவுதியில் விடுமுறை, ஈத் நாட்களில் செய்யும் வேலை முழுவதும் ஓ.டி.தான், முதல் மணியிலிருந்தே.

இந்தச் சட்டம் உங்களுக்குச் செல்லுமா?

சிங்கப்பூரில் உடலுழைப்புத் தொழிலாளருக்குப் பேசிக் 4,500 வெள்ளி வரை, மற்றவர்களுக்கு 2,600 வரை மட்டுமே வேலை நேர விதிகள் பொருந்தும். மேலாளர், நிர்வாகிகளுக்குக் கிடையாது. மலேசியாவில் மாதம் 4,000 ரிங்கிட் வரை. அமீரகத்தில் மேற்பார்வைப் பொறுப்பில் உள்ளவர்களுக்கு நேர வரம்பு இல்லை. பதவி உயர்வு என்று சொல்லி நூறு திர்ஹம் ஏற்றி "சூப்பர்வைசர்" பட்டம் தந்தால், போகும் ஓ.டி.யைக் கழித்துப் பார்த்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள்.

வீட்டுவேலைக்குப் போகும் பெண்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கு எதிலும் வருவதில்லை. இது பெரிய அநியாயம். சிங்கப்பூரில் 2023 முதல் மாதம் ஒரு ஓய்வு நாளையாவது பணம் கொடுத்து ஈடுகட்ட முடியாது என்று விதி வந்திருக்கிறது. அமீரகத்தில் அவர்களுக்குத் தனிச் சட்டம். நாளுக்கு 12 மணி ஓய்வு, அதில் 8 மணி தொடர்ச்சியாக.

காகிதமும் கெடுவும்

சிங்கப்பூருக்குக் கிளம்பும் முன் வரும் ஐ.பி.ஏ. (வேலை அனுமதிக்கான கொள்கை ஒப்புதல்) கடிதத்தில் பேசிக் எவ்வளவு, அலவன்ஸ் எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு என்று தனித்தனியே இருக்கும். உங்கள் மொழியிலேயே கிடைக்கும்; கேட்டு வாங்குங்கள். அங்கே போனபின் எழுத்துபூர்வமான சம்மதமில்லாமல் அதைக் குறைக்க முடியாது. ஆகவே புதிதாக நீட்டும் எந்தத் தாளிலும் படிக்காமல் கையெழுத்துப் போடக்கூடாது. சம்பளச் சீட்டில் ஓ.டி. மணியும் ஓ.டி. தொகையும் தனியே இருக்க வேண்டும். சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளம், 14 நாளுக்குள் ஓ.டி. வர வேண்டும்.

தினமும் உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், சாப்பாட்டு இடைவேளை மூன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். டைம்கார்டைப் படமெடுத்து ஊரில் ஒருவருக்கு அன்றன்றே அனுப்பிவிடுங்கள். போனைத் தொலைத்தாலும் பதிவு இருக்கும்.

"ஊருக்குப் போகும்போது எல்லாப் பாக்கியையும் மொத்தமாகத் தருகிறோம்" என்பதை ஏற்காதீர்கள். சிங்கப்பூரில் கடந்த ஓராண்டுப் பாக்கியைத்தான் கோர முடியும், வேலையை விட்டவர் 6 மாதத்துக்குள் மனு கொடுக்க வேண்டும். கோரிக்கையின் உச்சம் 20,000 வெள்ளி, தொழிற்சங்கம் வழியாகப் போனால் 30,000. சவுதியில் வேலை முடிந்த நாளிலிருந்து ஓராண்டு. முதலில் 21 நாள் சமரச முயற்சி, பிறகு தொழிலாளர் நீதிமன்றம். அமீரகத்தில் 2024 திருத்தத்துக்குப் பின் இரண்டு ஆண்டு; 50,000 திர்ஹம் வரையான தகராறுகளை அமைச்சகமே தீர்த்து வைக்கும். மலேசியாவில் வேலையிடம் உள்ள பகுதியின் லேபர் ஆபீஸில் நேரடியாகப் புகார் கொடுக்கலாம். எங்கே ஆனாலும் விமானம் ஏறும் முன், விசா ரத்தாகும் முன் மனுவைக் கொடுத்து, அதன் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.