பட்டுச் சரிகை நடுங்காமல் டிவிடி: எச்டியைச் சுருக்க எந்த வழி?

கல்யாண வீடியோவை பென் டிரைவில் கொடுத்தால் போதும் என்கிற காலம்தான் இது. ஆனாலும் "ஊர்ல அப்பா டிவிடிலதான் பார்ப்பாரு தம்பி, ரெண்டு காப்பி போட்டுடுங்க" என்று கேட்கிறவர்கள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். போட்டுக் கொடுத்த மறுவாரம் போன் வரும்: "எச்டி கேமரான்னு சொன்னீங்க, பொண்ணு புடவை ஏன் மினுக் மினுக்குன்னு அடிக்குது?"

நியாயமான கேள்விதான். 1920×1080 அளவுள்ள ஒரு படத்தில் 20,73,600 புள்ளிகள். நம்மூர் டிவி முறையான 'பால்' (PAL) டிவிடியில் 720×576, அதாவது 4,14,720. சரியாக ஐந்துக்கு ஒன்று. எந்த நான்கைத் தூக்கிப் போடுவது என்பதில்தான் மென்பொருளுக்கு மென்பொருள் வேறுபாடு. இதோடு இன்டர்லேஸும், அதாவது படத்தின் வரிகளை ஒன்றுவிட்டு ஒன்றாக இரண்டு தடவையில் காட்டும் முறையும், சேர்ந்துகொள்கிறது. வழக்கமாக எரிக்கும் டிவிடியில் ஒரு விநாடிக்கு 50 அரைப்படங்கள், அதாவது ஃபீல்டுகள். சரிகையின் ஒரு மெல்லிய கிடைக்கோடு ஒரே ஒரு வரியில் மட்டும் விழுந்தால், அது ஒரு ஃபீல்டில் இருக்கும், அடுத்ததில் இருக்காது. விநாடிக்கு 25 முறை அணைந்து அணைந்து எரியும். அந்த மினுக்கு இதுதான். படம் கூர்மையாக இருக்கட்டும் என்று நாம் எவ்வளவு மெனக்கெடுகிறோமோ, அவ்வளவுக்குச் சரிகை நடுங்கும்.

ஒரே துண்டை எல்லா வழியிலும் போட்டுப் பார்த்தேன். கட்டம் போட்ட காஞ்சிப்பட்டு, மாலை மாற்றுதல், மண்டபத்தைச் சுற்றிக் கேமராவைத் திருப்பும் ஒரு 'பேன்' காட்சி. இந்த மூன்றும் தப்பித்தால் மிச்சமெல்லாம் தப்பித்துவிடும்.

முதலில் கேமராவே சுருக்குவது. சோனி எஃப்எக்ஸ்1, இசட்1 கேமரா வைத்திருந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். மெனுவில் ஐலிங்க் கன்வெர்ட்டை மாற்றிவிட்டால், எச்டிவி (HDV) டேப்பில் இருப்பது ஃபயர்வயர் கேபிள் வழியாகச் சாதாரண DV-ஆகவே (எச்டி அல்லாத பழைய டேப் வடிவம்) வெளியே வரும். இது கடைசி இடத்துக்குத்தான் வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. கேமரா ஃபீல்டுகளைக் குழப்பாமல் சுருக்குகிறது, எடிட்டிங்கும் பறக்கும். குறை என்னவென்றால், எடிட் செய்து முடித்த எச்டி பிரதி கையில் இருக்காது. ஐந்து வருடம் கழித்து "புது டிவிக்கு எச்டில வேணும்" என்று வந்தால் மறுபடி முதலிலிருந்து உட்கார வேண்டும்.

இரண்டாவது, எடிட்டிங் மென்பொருளில் சாதாரண DV டைம்லைனைத் திறந்து எச்டி கிளிப்பை அதில் கொட்டுவது. பழக்கதோஷத்தால் பல ஸ்டூடியோக்களில் இதுதான் நடக்கிறது. எனக்குப் பிடிக்காத வழியும் இதுதான். DV ஒருமுறை அமுக்கும், டிவிடிக்கான வடிவமான எம்பெக்2 இன்னொருமுறை அமுக்கும். போதாததற்கு இன்டர்லேஸ் எச்டியான 1080i படத்தில் மேல் ஃபீல்டு முதலில், பால் DV-யில் கீழ் ஃபீல்டு முதலில். நடுவில் ஓர் இடத்தில் அமைப்பு தவறினால் அசைவு ஒவ்வொன்றும் முன்னும் பின்னுமாகக் குதிக்கும். ஒரு ரிசப்ஷன் டான்ஸை நானே இப்படி வலிப்பு வந்த மாதிரி எரித்துக் கொடுத்து, நாற்பது டிவிடியையும் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

மூன்றாவது, எச்டியிலேயே எடிட் செய்து, கடைசியில் அடோபி மீடியா என்கோடரில் எம்பெக்2 டிவிடியாக எடுப்பது. பெரும்பாலானவர்களுக்கு இதைச் சொல்லலாம், ஒரு நிபந்தனையோடு. 'மேக்ஸிமம் ரெண்டர் குவாலிட்டி' என்ற கட்டத்தில் டிக் போட வேண்டும். போடாவிட்டால், சிபியு மட்டும் வேலை செய்யும் கம்ப்யூட்டரில் மட்டமான முறையில் சுருக்கும். குடா (CUDA) வசதி உள்ள கிராபிக்ஸ் கார்டு இருந்தால் டிக் இல்லாமலேயே நல்ல முறைதான் ஓடும். இடமும் வலமும் மெல்லிய கறுப்புக் கோடு வந்தால் பயப்பட வேண்டாம். அகலத்திரை பால் புள்ளிக்கு அடோபி வைத்திருக்கும் கணக்கால் வருவது அது. 'ஸ்கேல் டு ஃபில்' கொடுத்தால் போய்விடும். டிஎஸ்எல்ஆரில் எடுத்த 25பி (விநாடிக்கு 25 முழுப்படம்) கிளிப்புக்கு இந்த வழி தாராளம். பழைய ஹேண்டிகேமின் 50i (விநாடிக்கு 50 ஃபீல்டு) கிளிப்பில்தான் மாலையின் ஓரம் படிக்கட்டாகத் தெரிந்தது.

அந்த இடத்தில், ஸ்கிரிப்ட் எழுதி வீடியோவை மாற்றும் மென்பொருளான ஏவிசிந்தை (AviSynth) அடிக்க ஆளில்லை. 50 ஃபீல்டுகளையும் 50 முழுப்படங்களாக விரித்து, பிறகு சுருக்கி, மறுபடி இன்டர்லேஸாகப் பின்னுகிறது. விரிக்கிற வேலைக்கு க்யூடிஜிஎம்சி (QTGMC) ஸ்கிரிப்ட் வைத்தால் பேன் காட்சி வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கப் போக வேண்டும், அவ்வளவு நிதானம். புள்ளிகளைச் சுருக்கும் கணக்குமுறையில் எல்லோரும் கூர்மையான லான்சோஸ் என்றுதான் சொல்வார்கள். மரம், கட்டடம் என்றால் சரி. பட்டுப்புடவைக்கு நான் கொஞ்சம் மென்மையான பைக்யூபிக்கைத்தான் வைக்கிறேன். கம்ப்யூட்டர் திரையில் லான்சோஸ் ஜெயிக்கும், டிவியில் சரிகை அடங்கியிருப்பது பைக்யூபிக்கில்தான்.

கட்டளை வரியில் ஓடும் எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) மென்பொருள் காசில்லாத குறுக்குவழி. டார்கெட் 'பால் டிவிடி' என்று ஒரே வரி கொடுத்தால் 720×576, 6 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 6 மெகாபிட்) வீடியோ, 448 கேபிபிஎஸ் ஏசி3 (சுருக்கிய) ஒலி எல்லாம் தானாக அமைந்துவிடும். இன்டர்லேஸ் கிளிப் என்பதை மட்டும் நாம்தான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இரண்டு ஃபீல்டையும் ஒன்றாகக் குழைத்துச் சுருக்கிவிடும், அசையும் கையெல்லாம் இரட்டையாகத் தெரியும். அதிலுள்ள யாடிஃப் (yadif) ஃபில்டரில் ஃபீல்டுகளை விரித்துக் கொடுத்தபோது ஏவிசிந்துக்குப் பக்கத்தில் வந்தது, நேரமும் பாதிகூட ஆகவில்லை. மெனு போடும் மென்பொருளிலேயே எச்டி ஃபைலைக் கொடுத்து 'நீயே பார்த்துக்கொள்' என்று விடுவதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

இத்தனையும் செய்துவிட்டு மூன்று மணி நேரத்தை ஒரே டிஸ்கில் திணித்தால் எல்லாம் வீண். 4.7 ஜிபி டிஸ்கில் ஒன்றரை மணி நேரத்துக்குச் சுமார் 7 எம்பிபிஎஸ் கிடைக்கும். இரண்டு மணி நேரத்துக்கு 5.2. மூன்று மணி நேரமென்றால் ஒலியையும் சேர்த்து மூன்றரைதான். அட்சதை விழும் நேரத்தில் படம் கட்டம் கட்டமாக உடைவது இதனால்தான். சுருக்கும் முறையைக் குறை சொல்லிப் பயனில்லை. வீடியோவுக்கான உச்சவரம்பு 9.8 என்றாலும் எரிக்கும் டிஸ்கில் நான் 8ஐத் தாண்டுவதில்லை, மலிவான பிளேயர்கள் திக்கும். ஒலியைச் சுருக்காத பிசிஎம்மாக வைத்தால் அதுவே ஒன்றரை எம்பிபிஎஸ் தின்றுவிடும், ஆகவே ஏசி3. முகூர்த்தம் ஒரு டிஸ்க், ரிசப்ஷன் ஒரு டிஸ்க் என்று பிரித்தால் வாடிக்கையாளர் முகம் சுளிக்கலாம், படம் பார்த்த பிறகு சுளிக்க மாட்டார்.

கனடா, அமெரிக்காவில் இருக்கும் உறவினர்களுக்கு என்றால் அங்குள்ள டிவி முறையான என்டிஎஸ்சி வேண்டும், 720×480. சிங்கப்பூர், இலங்கை, லண்டனுக்கு நம்முடைய பாலே ஓடும்.

இனி எடுக்கப் போகிற கல்யாணத்துக்கு: கேமராவில் 1080 50பி இருந்தால் அதையே வையுங்கள். 50 முழுப்படமும் கையில் இருப்பதால் விரிக்கும் வேலையே இல்லை. நேராகச் சுருக்கிப் பின்னினால் போதும், மீடியா என்கோடரும் ஏவிசிந்தும் ஏறக்குறைய ஒன்றாகிவிடுகின்றன.

எந்த வழியில் எடுத்தாலும் கம்ப்யூட்டர் மானிட்டரில் பார்த்து ஓகே சொல்லாதீர்கள். அங்கே பிளேயர் மென்பொருள் ஃபீல்டுகளைத் தானே சரிசெய்து காட்டிவிடும், தப்பு தெரியாது. என் கடை மூலையில் ஒரு பழைய டியூப் டிவி இருக்கிறது. முதல் டிஸ்க் அதில் ஓடி, சரிகை சும்மா இருந்தால்தான் இரண்டாவது டிஸ்க் எரியும்.