ஃபார்முலா 4 இந்தியா: இருங்காட்டுக்கோட்டையில் ஒரு பகல், தீவுத்திடலில் ஓர் இரவு

2024ஆம் ஆண்டு ஃபார்முலா 4 இந்தியச் சாம்பியன்ஷிப்பை இரண்டு இடங்களில் நேரில் பார்த்தேன். ஒன்று, சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் உள்ள மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் பந்தயத் திடலில் வெயில் கொளுத்திய ஒரு பகல். மற்றொன்று, சென்னை நகருக்குள் தீவுத்திடலைச் சுற்றியுள்ள சாலைகளில் விளக்கொளியில் நடந்த, நகரமே பேசிய அந்த இரவு. டிக்கெட்டுக்குக் கொடுத்த பணத்துக்கு எது தகும் என்று நண்பர்கள் கேட்கும்போதெல்லாம் இருங்காட்டுக்கோட்டையைத்தான் சொல்கிறேன். அவர்கள் நம்புவதில்லை. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை ஒரு முறை எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியது.

முதலில் பண்டம் என்ன என்று தெரிந்துகொள்வோம். கார்ட்டிங் எனப்படும் சிறுவண்டிப் பந்தயத்தில் வளர்ந்த பிள்ளைகள் முதன்முதலாக ஒற்றை இருக்கைப் பந்தயக் காரில் ஏறும் படியாக, உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ வகுத்து, 2014இல் பந்தயங்கள் தொடங்கிய பிரிவுதான் ஃபார்முலா 4. பதினைந்து வயது நிறைந்திருந்தால் ஓட்டலாம். சாலையில் கார் ஓட்ட உரிமம் பெறுவதற்கு மூன்று ஆண்டுகள் முன்னதாகவே. இந்தியத் தொடர் 2023இல் தொடங்கியது. இதில் ஓடும் எல்லாக் கார்களும் பிரான்சின் மிகால் நிறுவனம் செய்த ஒரே மாதிரிதான். எல்லாவற்றிலும் ஆல்பைன் டர்போ எஞ்சின், எல்லாவற்றிலும் ஓட்டுநரின் தலைக்கு மேல் 'ஹேலோ' எனப்படும் காப்பு வளையம். யாருடைய எஞ்சின் பெரியது, யாருடைய அணிக்குப் பணம் அதிகம் என்ற கேள்விகளுக்கு இங்கே இடம் மிகவும் குறைவு. மிஞ்சுவது ஓட்டுபவரின் கையும் காலும்தான். அணிப் பொறியாளர்கள் இறக்கையின் சாய்வையும் டயர்க் காற்றழுத்தத்தையும் தேர்ந்து வைப்பதில் வித்தியாசம் உண்டு என்றாலும், அது ஓட்டுநரின் பிழையை மறைக்கும் அளவுக்குப் பெரிதன்று.

இந்தச் சமநிலையைப் பார்வையாளர் கண்ணால் காண வேண்டுமென்றால் உட்காரும் இடம் முக்கியம். இருங்காட்டுக்கோட்டையில் நான் நேர்ப்பாதை முடிந்து கார்கள் பிரேக் பிடிக்கும் பகுதியை நோக்கி அமர்ந்தேன். முதல் சில சுற்றுகளில் எல்லாக் கார்களும் ஒன்றுபோலத்தான் தெரிந்தன. நான்காவது, ஐந்தாவது சுற்றில் கண் பழகியது. முன்னால் போனவர் வளைவுக்குள் ஒரே ஒரு முறை ஸ்டீயரிங்கைத் திருப்பினார். கை அப்படியே நின்றது. ஐந்தாறு இடங்கள் பின்னால் வந்த பையனோ அதே வளைவில் மூன்று முறை சிறிது சிறிதாகத் திருத்தினான், ஒவ்வொரு திருத்தத்திலும் பின்சக்கரம் ஒரு விரற்கடை நழுவியது, தலைக்கவசம் ஹேலோவுக்குள் இடமும் வலமும் ஆடியது. அந்தச் சிறு நழுவல்களின் விலை, அடுத்த நேர்ப்பாதையின் முடிவில் ஒரு கார் நீளமாகத் தெரிந்தது. அதற்கு அடுத்த சுற்றில் அவன் பாதையை விட்டு விலகி, டயர்களிலிருந்து உதிர்ந்து ஓரத்தில் கிடந்த ரப்பர் துணுக்குகளின் மேல் ஏறி, இரண்டு இடங்களை இழந்தான். தொலைக்காட்சியில் இதை ஒரு போதும் பார்த்ததில்லை. கேமரா எப்போதும் முன்னால் ஓடுபவரைத்தான் காட்டும்.

இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்திவந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், பெங்களூரு நெடுஞ்சாலைக்கு அருகே இந்த இடத்தைச் சொந்தமாக உருவாக்கி 1990இல் திறந்தது. முழு நீளம் 3.7 கிலோமீட்டர் அளவில் வரும். நவீன டிராக்குகளோடு ஒப்பிட்டால் பழைய பாணிதான். ஆனால் வேகமான வளைவுகளும் அகலமான ஓடுபாதையும் இருப்பதால் இந்தச் சிறிய கார்களுக்கு அது சரியான அளவுச் சட்டைபோல் பொருந்துகிறது. பின்னால் வரும் கார், முன்னால் போகும் கார் காற்றைக் கிழித்துத் தருவதால் எதிர்ப்புக் குறைந்த 'காற்று நிழலில்' ஒட்டிக்கொண்டு, பிரேக் பிடிக்கும் இடத்தில் உள்பக்கமாக மூக்கை நுழைப்பதை அரை மணி நேரப் பந்தயத்தில் பல முறை பார்க்கலாம்.

என் பக்கத்தில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவருக்கு இதெல்லாம் போதவில்லை. சோழவரத்தில் இளைஞராக இருந்தபோதே பந்தயம் பார்த்தவராம். "தம்பி, அந்தக் காலத்துல ரேஸுன்னா வண்டி வர்றதுக்கு முன்னாடியே நெஞ்சு அதிரும். இது என்னப்பா, பக்கத்து வீட்டுல மிக்ஸி ஓடுற மாதிரி இருக்கு" என்றார். அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. டர்போ பொருத்திய சிறிய நான்கு சிலிண்டர் எஞ்சினிடம் பழைய கர்ஜனையை எதிர்பார்த்து வருபவர்கள் ஏமாறுவார்கள். எனக்கு அது குறையாகப் படவில்லை. டயர் கீச்சிடுவதையும் கியர் இறங்குவதையும் தனித்தனியாகக் கேட்க முடிந்தது.

இனித் தீவுத்திடல். 2023 டிசம்பரில் நடக்க வேண்டிய பந்தயம் மிக்ஜாம் புயலால் தள்ளிப்போய், 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 ஆகிய நாள்களில் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் துணையோடு நடந்தது. 3.5 கிலோமீட்டர் நீளம், 19 வளைவுகள். அன்றாடம் மாநகரப் பேருந்துகள் புகை விட்டுச் செல்லும் அண்ணா சாலையும் சிவானந்தா சாலையும் கான்கிரீட் தடுப்புகளுக்கு நடுவே பந்தயப் பாதையாக மாறியிருந்தன. சனிக்கிழமை எஃப்ஐஏவின் பாதுகாப்புச் சான்று வரத் தாமதமானதால் கார்கள் ஓடத் தொடங்குவதற்கே நெடுநேரம் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை தெருநாய் ஒன்று டிராக்குக்குள் புகுந்து ஓட்டத்தை நிறுத்தியது. புதிதாகத் தெருவில் பந்தயம் நடத்தும் எந்த ஊருக்கும் இத்தகைய சோதனைகள் உண்டு என்பதால் நான் இவற்றுக்கு மதிப்பெண் குறைக்கவில்லை. விளக்கொளியில் அந்த வண்ணக் கார்கள் நேப்பியர் பாலத்துப் பக்கம் பாய்ந்த காட்சியின் அழகையும் மறுக்க முடியாது. முதன்முறையாகப் பந்தயம் பார்க்க வந்திருந்த குடும்பங்களின் குழந்தைகள் ஒவ்வொரு காருக்கும் எழுந்து நின்று கத்தினார்கள். அந்தக் கூட்டத்தை இருங்காட்டுக்கோட்டை பார்த்தே பல காலம் இருக்கும்.

ஆனால் ஃபார்முலா 4 பார்க்க வந்தவருக்கு அந்த இரவில் கிடைத்தது குறைவு. தெருப் பாதையின் இயல்பே அப்படி: இருபுறமும் சுவரும் கம்பி வலையும், இடையே ஒடுங்கிய பாதை, தப்பு செய்தால் விலகி ஓட மணற்பரப்பு கிடையாது. பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் அங்கே முதல் வேலையாகக் காரைக் காப்பாற்றத்தான் பார்ப்பார்கள், பார்க்கவும் வேண்டும். என் இருக்கையிலிருந்து ஒவ்வொரு காரும் இரண்டு மூன்று விநாடிகள் தெரிந்தது. பின்பு ஒன்றரை நிமிடத்துக்கு மேல் பெரிய திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது. கை எப்படித் திருப்புகிறது, பிரேக் எங்கே பிடிக்கிறார்கள் என்பதெல்லாம் கம்பி வலைக்குப் பின்னால் வெறும் வண்ணக் கோடாகிப்போயின.

எனக்கு இருக்கும் பெரிய மனத்தாங்கல் வேறொன்று. இந்த இளையோர் தொடர் தனியாக நடப்பதில்லை. நகரங்களின் பெயரில் அணிகள் மோதும் இந்தியன் ரேசிங் லீக்கோடு ஒரே பந்தலின் கீழ் நடக்கிறது. லீக் அணிகளுக்குத் திரைப்பட, கிரிக்கெட் பிரபலங்கள் உரிமையாளர்கள். கூட்டத்தின் கண்ணும் கேமராவின் கண்ணும் அவர்கள்மீதே. நாளை யார் ஃபார்முலா 1 வரை போகப்போகிறார் என்ற கேள்விக்கு விடை தரக்கூடியது இந்தச் சிறுவர் பந்தயந்தான் என்றாலும், விருந்து இலையின் ஓரத்தில் வைக்கும் ஊறுகாயின் மரியாதைதான் அதற்குக் கிடைக்கிறது. ஓட்டுநர் யார், எந்த ஊர், இதற்கு முன் எங்கே ஓட்டினார் என்று இரண்டு வரி திரையில் ஓடினால்கூடப் பார்ப்பவருக்கு ஒரு பிடிமானம் கிடைக்கும்.

வெளிநாட்டுப் பிள்ளைகளே வெல்கிறார்கள் என்ற குறையைப் பலர் சொல்லக் கேட்டேன். 2023இல் ஆஸ்திரேலியாவின் கூப்பர் வெப்ஸ்டரும் 2024இல் தென்னாப்பிரிக்காவின் அகில் அலிபாயும் பட்டம் வென்றார்கள் என்பது உண்மை. இதை நான் தொடரின் பலமாகவே பார்க்கிறேன். நம் பிள்ளைகள் தங்களுக்குள் மட்டும் மோதி வென்றால் அந்த வெற்றியின் எடை என்ன என்று யாருக்கும் தெரியாது. அதே காரில், அதே டயரில், வெளியிலிருந்து வந்தவரைவிட ஒரு சுற்றுக்கு எத்தனை விநாடி பின்தங்குகிறோம் என்பது கையில் இருக்கும் உறுதியான கணக்கு. இதே கணக்கைத் தேடித்தான் முன்பு நம்மவர்கள் வெளியே போனார்கள். கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன் 1996இல் ஃபார்முலா ஏஷியா பட்டத்தை வென்றார். சென்னையின் கருண் சந்தோக் 2006இல் ஃபார்முலா ரெனோ வி6 ஏஷியா பட்டத்தை வென்றார். இருவரும் பிற்பாடு ஃபார்முலா 1 ஓட்டினார்கள். பெங்களூருவின் குஷ் மைனி ஃபார்முலா 4 கற்க இத்தாலிக்குப் போக வேண்டியிருந்தது. இன்று அந்த முதல் படி இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை செட்டிப்பாளையத்தின் காரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் இருக்கிறது. சிறிய விஷயமன்று.

பிள்ளையை ஓட்டவைக்க எண்ணும் பெற்றோர் அடுத்த படியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஃபார்முலா 1 ஓட்டத் தேவையான சூப்பர் லைசென்ஸுக்கு மூன்று பருவங்களில் 40 புள்ளிகள் சேர்க்க வேண்டும். எஃப்ஐஏ சான்று பெற்ற ஃபார்முலா 4 தொடரில் பட்டம் வெல்பவருக்கு அதிகபட்சம் 12 கிடைக்கும். மீதியை மேலே உள்ள பிரிவுகளில்தான் தேட வேண்டும். ஆசியாவில் அதற்கென 2018இல் ஆசிய ஃபார்முலா 3 தொடங்கியது. மலேசியாவின் செபாங், சீனாவின் ஷாங்காய், ஜப்பானின் சுசூகா என்று சுற்றிய அந்தத் தொடரை 2021இல் சீனாவின் ஜோ குவான்யூ வென்று, மறு ஆண்டே ஃபார்முலா 1க்குப் போனார். ஆனால் அந்த 2021 பருவமே முழுக்க துபாயிலும் அபுதாபியிலும்தான் நடந்தது. பின்பு 2023இல் தொடரின் பெயரே மத்திய கிழக்கு என்று மாறியது. ஆக, கோவையில் ஃபார்முலா 4 முடித்த பிள்ளை, அடுத்த படிக்கு வளைகுடாவுக்கோ ஐரோப்பாவுக்கோ பெட்டி கட்டத்தான் வேண்டும். அந்தச் செலவு கோடிகளில் வரும். இது இந்தத் தொடரின் பிழையன்று. ஆனால் பட்டம் வாங்கிய பிறகு தெரிந்துகொள்வதைவிடச் சேரும்போதே தெரிந்துகொள்வது நல்லது.

பார்க்கப் போகிறவர்களுக்குச் சில சொற்கள். யார் எந்த இடத்திலிருந்து கிளம்புவது என்பதை முடிவுசெய்யும் தகுதிச்சுற்றைத் தவறவிடாதீர்கள், பந்தயத்தைவிட அதில்தான் ஓட்டுநரின் முழு வேகம் தெரியும். முதல் சுற்றில் முன்னால் இருப்பவரை விட்டுவிட்டு நடுவரிசையைப் பாருங்கள், கலவரம் அங்கேதான். இருங்காட்டுக்கோட்டைக்குத் தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். 2024இல் பருவம் ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை நீண்டது, ஆகவே மழைக்கும் ஆயத்தமாகப் போக வேண்டும். மழை வந்தால் வருந்தாதீர்கள், ஈரமான பாதையில் ஒரே மாதிரிக் கார்களை ஓட்டுவோரின் தரவேறுபாடு இன்னும் துலக்கமாகத் தெரியும். குழந்தைகளோடு போகிறவர்கள் காதடைப்பான் எடுத்துச் செல்லலாம். நான் என்னுடையதை அந்தப் பெரியவரிடம் நீட்டினேன். மிக்ஸிக்கெல்லாம் யாராவது காதை அடைத்துக்கொள்வார்களா என்று கேட்டுவிட்டு, பந்தயம் முடியும்வரை முன்னால் சாய்ந்தபடியே உட்கார்ந்திருந்தார்.