ஸ்வீடன் எம்-96, பின்லாந்து எம்-39: மரத்துக்கு அடியில் ஓர் ஆண்டு

அமெரிக்காவில் பழைய ராணுவ ரைபிள் ஒன்றைச் சேகரிப்புக்காக வாங்கத் தேடியபோது கடைசியில் என் முன் நின்றவை இரண்டு: ஸ்வீடனின் எம்-96 மௌசர், பின்லாந்தின் எம்-39 மோசின்-நகாந்த். நான் வாங்கியது எம்-39. இரண்டும் உறுதியானவை, இரண்டும் குறி தவறாதவை என்று பெயர் எடுத்தவை. அதைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. என் முடிவைத் தீர்த்துவைத்தது இரும்பில் அடித்திருக்கும் முத்திரைகள். அவற்றிலும் குறிப்பாக, குழலும் போல்ட்டும் பொருந்தும் இரும்பு உடலான ரிசீவர் எந்த ஆண்டில் பிறந்தது என்ற தகவல்.

1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறது. 1898 முடியும்வரை செய்யப்பட்ட ரைபிள், கூட்டாட்சிச் சட்டத்தின் பார்வையில் பழம்பொருள். உரிமம் பெற்ற வணிகர் நடுவில் இல்லாமலே வேறு மாநிலத்தில் இருப்பவருக்கும் அதை விற்கலாம். 1899இல் செய்யப்பட்டது என்றால் அந்தச் சலுகை இல்லை. இதில் கணக்கில் வருவது ரிசீவர் மட்டுமே. குழலையும் மரக்கட்டையையும் பின்னாளில் மாற்றியிருந்தாலும் ரிசீவரின் வயதே துப்பாக்கியின் வயது. மாநிலச் சட்டங்கள் இதைவிடக் கடுமையாக இருக்கலாம் என்பதால், வாங்குமுன் உங்கள் மாநிலத்தின் விதியைப் படித்துவிடுங்கள்.

எம்-96இல் இந்த ஆண்டைத் தேட வேண்டியதே இல்லை. ரிசீவரின் மேல்பக்கத்தில் ஆலையின் பெயரும் ஆண்டும் தெளிவாகப் பொறிக்கப்பட்டிருக்கும். ஜெர்மனியின் ஓபெர்ன்டார்ஃப் மௌசர் ஆலை ஸ்வீடனுக்குச் செய்துகொடுத்தவை 1899, 1900 என்ற ஆண்டுகளைத் தாங்கியவை. அதாவது கோட்டுக்கு மறுபக்கம் விழுந்தவை. ஸ்வீடனின் சொந்த ஆலையான கார்ல் குஸ்தாஃப் 1898இல் தொடங்கி 1925 வரை செய்தது. அந்த முதல் ஆண்டுத் துப்பாக்கிகள் அரிது, விலையும் அதற்கேற்றபடி இருக்கும். ஹஸ்க்வர்னா செய்தவை இரண்டாம் உலகப் போர்க் காலத்தவை.

ஸ்வீடன்காரர்களின் ஒழுங்கை நான் மனமாரப் பாராட்டுகிறேன். வரிசை எண்ணின் கடைசி மூன்று இலக்கங்கள், தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டிலும் சின்னஞ்சிறு பாகங்களிலும்கூட அடிக்கப்பட்டிருக்கும்; எல்லாம் பொருந்தினால் நல்ல விலை, ஒன்று மாறினாலும் விலை இறங்கும். கட்டையின் வலப்பக்கத்தில் திருகியிருக்கும் பித்தளை வட்டு இன்னும் அருமையானது. குழலின் உள்விட்டம் எவ்வளவு, உட்புறம் ஒன்று முதல் மூன்று வரையான தரத்தில் எங்கே நிற்கிறது என்பதை ஆயுதக் கிடங்கினர் அதில் பதிந்து வைத்தார்கள். ஆனால் வட்டு இருப்பது கட்டையில், குழலில் அல்ல. கட்டை மாறியிருந்தால் அது வேறொரு துப்பாக்கியின் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கும். இருந்தாலும் முதன்முறையாக வாங்குபவருக்கு எம்-96 போல எளிதில் படிக்கக்கூடிய துப்பாக்கி வேறு கிடைப்பது கடினம்.

அப்படியிருந்தும் நான் எம்-39 பக்கம் போனதற்குக் காரணம் அதன் ரிசீவரில் இருக்கிறது. மோசின் ரஷ்ய வடிவம்; அதன் ரிசீவர்களைப் பின்லாந்து தானே செய்ததில்லை. ரஷ்யப் பேரரசு விட்டுச்சென்றவை, வெளியே வாங்கியவை, போரில் கைப்பற்றியவை ஆகியவற்றின் ரிசீவரை எடுத்து, புதுக் குழலும் பிர்ச் மரக்கட்டையும் பொருத்திக்கொண்டார்கள். ஆகவே குழலின் பின்முனையின் மேல்பக்கத்தில் சாக்கோ என்றோ, சாய்சதுரத்துக்குள் விகேடி என்றோ ஆலை முத்திரையும், 1942 போன்ற ஓர் ஆண்டும், பெட்டிக்குள் எஸ்ஏ என்ற ராணுவ உடைமைக் குறியும் இருக்கும். மேலிருந்து பார்ப்பவர் இதை இரண்டாம் உலகப் போர்த் துப்பாக்கி என்றே எழுதிக்கொள்வார். கட்டையைக் கழற்றி, ரிசீவரின் பின்னால் நீளும் வால்பகுதியைத் திருப்பிப் பார்த்தால் அங்கே 1896 என்று இருக்கலாம். பக்கத்தில் இருக்கும் ஆலைக்குறி இன்னும் பேசும்: இஷெவ்ஸ்க் என்றால் வில்லும் அம்பும், தூலா என்றால் சுத்தியல். பிரான்சின் ஷாத்தெல்ரோ ஆலையின் பெயர் இருந்தால் சந்தேகமே வேண்டாம். ரஷ்ய ஆலைகள் தயாராகும்வரை அங்கே ஐந்து லட்சம் துப்பாக்கிகள் செய்யச் சொல்லியிருந்தார்கள், அவையெல்லாம் 1890களின் முற்பகுதியைச் சேர்ந்தவை.

வாங்கும்போது மிகுந்த கவனம் வேண்டிய இடமும் இதுவே. 'பழம்பொருள் ரிசீவர்' என்று விற்பவர் வாயால் சொல்வது போதாது; வால்பகுதியின் படத்தைக் கேளுங்கள். கழற்றாமலே ஒரு முதல்கட்டச் சோதனை செய்யலாம். ரிசீவரின் முன்பகுதி உருண்டையாக இருந்தால் அது 1930களின் நடுப்பகுதிக்குப் பிறகு வந்த சோவியத் வடிவம், மேற்கொண்டு தேட வேண்டாம். தட்டையான பக்கங்களோடு பட்டைகளாக இருந்தால் மட்டும் கழற்றிப் பார்ப்பதில் பொருள் உண்டு. அப்போதும் உறுதியில்லை, ஏனெனில் முதல் உலகப் போருக்காக அமெரிக்காவில் ரெமிங்டனும் வெஸ்டிங்ஹவுஸும் செய்தவையும் பட்டை வடிவம்தான். கழற்றுவது பெரிய வேலையல்ல: குழலைப் பிடித்திருக்கும் வளையங்கள், வாலின் மேலிருந்து ஒரு திருகு, தோட்டா அறையான மேகஸினுக்கு முன்னால் அடியிலிருந்து ஒரு திருகு. திருகின் பள்ளத்துக்குச் சரியாக உட்காரும் திருப்புளியை மட்டும் பயன்படுத்துங்கள். சிதைந்த திருகுத்தலை அடுத்து வாங்குபவரின் கண்ணில்தான் முதலில் படும்.

மறுவிற்பனையில் வித்தியாசம் தெளிவாகத் தெரிகிறது. அதே நிலையில் உள்ள இரண்டு எம்-39களில் வாலில் 1898க்குள் ஆண்டு உள்ளது கூடுதல் விலைக்குப் போகிறது. போல்ட் எண் பொருந்தவில்லையே என்று எம்-39இல் கலங்க வேண்டாம், பின்லாந்துத் துப்பாக்கிகளில் அது சாதாரணம். இதே வேறுபாடு எம்-96இல் இருந்தால் நான் பேரம் பேசாமல் நகர்ந்துவிடுவேன். இறக்குமதியாளர் முத்திரை குழலில் பெரிதாகச் செதுக்கப்பட்டிருந்தால் இரண்டுக்குமே மதிப்புக் குறைவு.

மலிவாக இருக்கிறதே என்று சோவியத்தின் 91/30 மோசின்-நகாந்தையும் சிலர் இந்த வரிசையில் சேர்ப்பார்கள். போருக்குப் பின் கிடங்கில் பிரித்துக் கோத்தவற்றில், பழைய எண்ணை அழித்துவிட்டுப் புதிய எண் அடித்த பாகங்களே அதிகம். எண்கள் பொருந்தும், ஆனால் அது பிறப்பிலேயே பொருந்திய பொருத்தமல்ல.

பின்லாந்துக்கு ஸ்வீடன் போர்க்காலத்தில் எம்-96களைக் கொடுத்தது. அவற்றில் சிலவற்றில் எஸ்ஏ பெட்டிமுத்திரை இருக்கும். அப்படி ஒன்று நியாயமான விலைக்கு வந்தால் என் தீர்ப்பை மறுபரிசீலனை செய்ய நான் தயார்.

சுடுவதைப் பற்றிக் கேட்டால் என் சொல்லுக்கு அதிக எடை கொடுக்காதீர்கள். நண்பரின் எம்-96இல் கொஞ்சம் சுட்டிருக்கிறேன், அவ்வளவுதான். 6.5 மில்லிமீட்டர் தோட்டாவின் உதை தோளுக்கு இதமாக இருந்தது, எம்-39 அப்படியல்ல. வாராவாரம் சுடுதளத்துக்குப் போகிறவர் என்றால் ஸ்வீடனையே வாங்குங்கள்.